பின்வீட்டுக் குளியலறையில் கையைப் பிடித்தது யார்?

காடியின் (எங்கள் ஊரில் காருக்கு அப்படித்தான் பேர்) பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பெரிய பைகள், ஒரு மடக்குத் தொட்டில், குழந்தையின் சின்ன மெத்தை, தூக்குச்சட்டி நிறையப் பூண்டுக் குழம்பு. என் நாத்தனார் புருஷன் சிவா இன்னொரு பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதை எங்கே திணிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

வெயில் ஏறாத காலை. முந்தின நாள் மழையில் முற்றம் இன்னும் சொதசொதவென்று இருந்தது. டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"செர்டாங்குக்கு அக்கா. எங்க பெரியக்கா வீட்டுக்கு."

"பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு அவ்வளவு தூரமா? பிள்ளை பெத்தவ உடம்பு இன்னும் ஆறல. உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா லா?"

சிவா தரையைப் பார்த்தார். நல்ல மனுஷன். யாராவது திட்டினால் பதில் பேசத் தெரியாது.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. ரதி இந்த வீட்டுல இனிமே ஒரு நாள்கூட இருக்க மாட்டாளாம். நேத்தெல்லாம் பிள்ளையை மடிய விட்டு இறக்கவே இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்கு வாய் முதலில் போகும், மூளை மெதுவாகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வரும். டூல் பையை அங்கேயே போட்டுவிட்டு விடுவிடுவென்று பின்வீட்டுக்கு நடந்தேன்.

முன்வீடு, பின்வீடு

நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் இந்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை லாலாங்கில் எங்களுடையது ஒரே மனை. முன்னால் நாங்கள். பின்னால், என் வீட்டுக்காரரின் தங்கை ரதிக்குக் கல்யாணம் ஆனபோது கட்டிய சின்ன வீடு. கரண்ட் மீட்டர் ஒன்றுதான், அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அங்கிருந்து மண்ணுக்கடியில் ஒரு கேபிள் பின்வீட்டுக்குப் போகிறது. தண்ணீரும் அப்படித்தான். எங்கள் தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாய்.

நான் வயர்மேன் லைசன்ஸ் எடுத்த கதையைப் போன வாரம் இதே பத்திரிகையில் படித்துவிட்டு, ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: பொம்பளை வயரிங் செய்ய வந்தால் ஜனங்கள் நம்புவார்களா என்று. எங்கேம்மா நம்புகிறார்கள்! பாக்கார் ஆராங்கில் ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, என் தலைக்கு மேலாக ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். "ஆள் பின்னாடி வராரா?" என்றார். "நான்தாம்மா ஆள்" என்றேன். ஃபேனை மாட்டி முடிக்கும்வரை அவர் ஏணியை விடவே இல்லை. நான் விழுந்துவிடுவேன் என்று பயமாம். பிறகு அவரே மூன்று தெருவுக்கு என்னைச் சிபாரிசு செய்தார், அது வேறு விஷயம்.

ஆனால் அன்று என்னை நம்பாதது பாக்கார் ஆராங் அம்மா இல்லை. என் சொந்த நாத்தனார்.

ரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலர் பள்ளி டீச்சர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும். அவளுக்கு மட்டும் இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. முதலாவது சீக்கிரமே போனது. இரண்டாவது, வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு. இரண்டு முறையும் அந்தப் பின்வீட்டில் இருக்கும்போதுதான் நடந்தது. வேறு எங்கே நடக்கும், அவள் குடியிருப்பதே அங்கேதானே? ஆனால் மனசு அப்படிக் கணக்குப் போடாது. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். விருந்தாளி வீட்டில் உட்கார்வது போல, சொந்த நாற்காலியின் நுனியில் உட்காருவாள்.

மூன்றாவது தங்கியது. பெண் குழந்தை. ரதிக்கு அம்மா இல்லை, அதனால் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அந்த நாட்களில் சிவா என்ன செய்தார் தெரியுமா? துருப்பிடித்த அந்த இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புது பிளாஸ்டிக் குழாய் போட்டார். தனி ஆளாக, மழையில். "பிள்ளையைக் குளிப்பாட்டும்போது துருத் தண்ணி வரக்கூடாதுல்ல அக்கா" என்றார். ரதி வந்து குழாயைத் திறந்து, கண்ணாடி மாதிரி கொட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் மரியாதையாக வெளியே வந்துவிட்டேன்.

லெட்சுமி அக்கா

பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் குளிக்க ஊற்ற லெட்சுமி அக்காவை ஏற்பாடு செய்திருந்தோம். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் முழங்காலில் படுத்து எழுந்தவர்கள்தான். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். நொச்சி, புளிய இலை, லெங்குவாஸ் இலை, செராய் எல்லாம் போட்டுப் பெரிய அண்டாவில் கொதிக்க வைப்பார். அந்த வாசனை முன்வீடு வரை வரும். காலைக் காப்பியே லேசாக நொச்சி அடிக்கும்.

அவரிடம் சட்டங்கள் நிறைய. அதில் பெரிய சட்டம், பெற்றவள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கக்கூடாது. குளிர் காலில் ஏறிவிடுமாம். படுக்கையைவிட்டு இறங்கினால் ரப்பர் சிலிப்பர். குளிக்கும்போதும் சிலிப்பர். வீட்டுக்குள் செருப்பு போட்டால் பளார் என்று விழுகிற நம் குடும்பங்களில், அந்த ஒரு மாதம் மட்டும் ஒருத்திக்கு விதிவிலக்கு. மற்ற எல்லாரும் வெறுங்கால்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லாமே இதில்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

"யாரோ புடிக்கிறாங்க"

நான் உள்ளே போனபோது ரதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. கண்கள் வீங்கியிருந்தன. லெட்சுமி அக்கா ஓரமாக நின்று, எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி கூத்து இது?" என்றேன்.

"அண்ணி, கத்தாதீங்க. பிள்ளை தூங்குது." குரலில் உயிரே இல்லை. "அக்காவையே கேளுங்க."

லெட்சுமி அக்கா தயங்கினார். எதற்கும் தயங்காத பொம்பளை.

"சொன்னா நீ சிரிப்ப தங்கச்சி. பாத்ரூம்ல யாரோ என் கையப் புடிக்கிறாங்க. மணிக்கட்டு வரைக்கும். புடிச்சி, விடமாட்டேன்னு ஒரு நடுக்கம். நான் எத்தனை வீட்ல ஊத்தியிருக்கேன், எங்கயும் இப்படி ஆனதில்ல."

"ரதிக்கும் ஆகுதா?"

"அதான் இல்ல." அவர் குரல் இறங்கியது. "பெத்தவளைத் தொடவே மாட்டேங்குது. பிள்ளையத் தூக்குற என் கையைத்தான் புடிக்குது. அப்படின்னா அதுக்கு வேண்டியது யாரு?"

ரதி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"முன்ன ரெண்டையும் எடுத்துக்கிச்சு அண்ணி," என்றாள். "இதையும் குடுக்க மாட்டேன். நான் போறேன்."

எனக்கு வாயில் ஏகப்பட்ட வார்த்தைகள் வந்தன. பேயாவது பிசாசாவது, படித்தவள்தானே நீ, டீச்சர்தானே, இப்படி. அந்த முகத்தைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பைத்தியக்காரத்தனமாகப் பேசவில்லை. பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறாள். நானாக இருந்தாலும் காடியில் ஏறியிருப்பேன்.

அதோடு இன்னொன்று. மணிக்கட்டு வரை, விடமாட்டேன் என்று ஒரு நடுக்கம். அந்தப் பிடியை எனக்குத் தெரியும். என் தொழிலில் எல்லாரையும் அது ஒரு தடவையாவது பிடித்திருக்கும்.

துணி ஓடும்போது

"அக்கா, எதத் தொடும்போது?"

"சும்மா இருக்கும்போதுதான்... இல்ல இரு. தண்ணிய மூடும்போது. பைப்பத் திருகும்போது."

"தெனமுமா?"

அவர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை ஒண்ணும் ஆகல. அன்னிக்கு மழை, மெஷின்ல துணி போடல."

"துணி ஓடும்போது மட்டும் புடிக்குதா?"

லெட்சுமி அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு, "அலமாக்" என்றார்.

முற்றத்துக்கு ஓடி டூல் பையை எடுத்து வந்தேன். குளியலறைப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கத்திவிட்டு, காலணியோடு உள்ளே நின்று, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை ஈரத் தரையிலும் வைத்தேன். ஒன்றும் இல்லை. வெளியே இருக்கும் வாஷிங் மெஷினின் சுவிட்சைப் போடச் சொன்னேன். எண் விறுவிறுவென்று ஏறி, நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

குழந்தையைக் குளிப்பாட்டும் குழாய். ஓடினேன். மீட்டரைப் பிடித்துக்கொண்டே பின்வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன்.

குழாயை ஒட்டிய சிமெண்டைக் கொத்திப் பார்த்தபோது தெரிந்த விஷயம் இதுதான். பழைய மெஷின், மோட்டாரில் ஈரம் இறங்கி, கரண்ட் அதன் இரும்பு உடம்புக்குக் கசிந்திருக்கிறது. கசியட்டும், அதற்குத்தான் எர்த்துக் கம்பி இருக்கிறது. கசிந்ததை நேரே மண்ணுக்குக் கொண்டுபோய் விடும், மெயின் சுவிட்சும் உடனே விழுந்துவிடும். ஆனால் இந்த வீட்டை முதலில் வயரிங் செய்த யாரோ ஒரு புண்ணியவான், முன்வீட்டிலிருந்து எர்த்தைக் கொண்டுவரவில்லை. பின்வீட்டுக்கென்று மண்ணில் ஒரு கம்பியும் அடிக்கவில்லை. எர்த்துக் கம்பியைக் குளியலறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயில் சுற்றி, மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டான்.

அத்தனை வருஷம் அது வேலை செய்தது, அதுதான் கொடுமை. முற்றம் முழுக்க மண்ணுக்குள் படுத்திருந்த இரும்புக் குழாயே எர்த்தாக இருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன், நல்ல ரீடிங். சுவருக்குள் எதில் கட்டியிருக்கிறது என்று ரீடிங் சொல்லாதே!

இப்போது மண்ணுக்குள் இருப்பது பிளாஸ்டிக். கசிந்த கரண்டுக்குப் போக வழி இல்லை. சுவருக்குள் மிச்சம் இருக்கிற இரும்புத் துண்டு வழியாகக் குழாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு யார் வந்து தொடுகிறார்களோ அவர்கள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும். ரப்பர் சிலிப்பர் போட்டவளை ஒன்றும் செய்யாது. சிவா குளிப்பது ஷிப்டு முடிந்து வந்து, மெஷின் ஓடாத நேரத்தில்.

ஒரு சப்ளையில் இரண்டு வீடு ஓடுகிற இடங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பின்னால் ஒரு அறை கட்டுவோம், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சமையல் கொட்டகை போடுவோம். லைட் எரிந்தால் போதும் என்று இரண்டு கம்பியை இழுத்துவிடுவோம். மூன்றாவது கம்பி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பின்வீடு இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்வதானால் பொம்பளையாகவே கூப்பிடலாம்.

லெட்சுமி அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"அப்போ பேய் இல்ல, வாஷிங் மெஷினா? சே! இதுக்குப் போயி வெள்ளிக்கிழமை ஒரு பழத்தை வேற வெட்டிப் போட்டேன்."

"உங்க கை பொய் சொல்லல அக்கா," என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அந்தக் கை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், மெஷின் முழுசாகப் பழுதாகிற அன்றைக்கு என்ன நடந்திருக்கும்?

சிவாவிடம் சொன்னது

ரதியையும் குழந்தையையும் முன்வீட்டுக்கு அழைத்துப் போனோம். அவள் வந்தாள், ஆனால் செர்டாங் போவதில்லை என்று சொல்லவில்லை. கரண்ட், எர்த்து, குழாய் என்று நான் விளக்கியதற்கெல்லாம் தலையாட்டினாள். பாலர் பள்ளியில் பிள்ளைகள் சொல்லும் கதைக்குத் தலையாட்டுவாளே, அந்த ஆட்டம். நம்பவில்லை.

சிவாதான் நன்றாகப் புரிந்துகொண்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குழாய மாத்துனது நான்தானே அக்கா."

இதற்குத்தான் நான் பயந்தேன்.

"நீங்க பிள்ளைக்கு நல்ல தண்ணி குடுத்தீங்க. எர்த்தைக் கொண்டுபோயி குழாய்ல கட்டுனவன் வேற ஒருத்தன். அவன் மட்டும் கையில கெடைச்சா நான் பேசிக்கிறேன். நீங்க எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கையாலயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆறுதல் சொல்வது எனக்குக் கை வராத கலை. ஆளுக்கு ஒரு வேலையைக் கொடுக்கத்தான் தெரியும்.

"ஸ்டோர்ல பெரிய சுத்தியல் இருக்கு. எடுத்துட்டு வாங்க. பின்வீட்டுக்குன்னு தனியா ஒரு எர்த்து அடிக்கணும்."

வாழைமரத்துக்கு அந்தப் பக்கம், எப்போதும் ஈரமாக இருக்கும் இடமாகப் பார்த்துச் செப்புப் பூசிய கம்பியை நிறுத்திக் கொடுத்தேன். சிவா அடிக்க ஆரம்பித்தார். நான் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு வரலாம் என்று வீட்டுக்குள் வந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ரதி கேட்டது

ரதி என் அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே சுத்தியல் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"அண்ணி."

"ம்."

"அப்போ முன்ன ரெண்டும்... அதுவும் இந்தக் கரண்டாலயா?"

சோற்றுத் தட்டோடு நின்றேன். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசை. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொன்னால் இத்தனை வருஷமாகத் தேடிய குற்றவாளி ஒருவழியாகக் கிடைத்துவிடுவான், வெளியே சத்தம் கேட்கிறதே, அந்த அடியோடு எல்லாம் சரியாகிவிடும். சொல்லிவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் நிம்மதிக்காக எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஆமாம் என்று சொன்னால், அந்த வீட்டில் அவள் எப்படிக் குடியிருப்பாள்?

"இல்ல ரதி. அப்போ இரும்புக் குழாய் இருந்துச்சு. எர்த்து நல்லா இருந்துச்சு. இந்தக் கோளாறு வந்தது நீ ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான்."

"அப்போ அது எதனால?"

"தெரியாதுடி. டாக்டருக்கே தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் கால்மேல் துணியை இழுத்துவிட்டாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"வீட்டு மேல தப்பு இல்ல."

"இல்ல."

"யாரும் எடுத்துக்கல."

"யாரும் எடுத்துக்கல."

பிறகு, என்னைப் பார்க்காமல், குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவ, நான் பாசார்ல அன்னாசிப் பழம் சாப்பிட்டேன் அண்ணி. ஒரு துண்டு. ரொம்ப ஆசையா இருந்துச்சு. சிவாவுக்குக்கூடத் தெரியாது."

அட கடவுளே! இத்தனை வருஷம். நாற்காலி நுனியில் உட்கார்ந்ததும், இருட்டு மூலைகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்ததும், வீட்டின் மேல் பழியைத் தூக்கித் தூக்கிப் போட்டதும் இந்த ஒரு துண்டு அன்னாசியைப் பார்க்காமல் இருப்பதற்கா?

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கே அழுகை முட்டியது.

"அடி பைத்தியம். நான் உங்க அண்ணன் பிள்ளைய வயித்துல வச்சிக்கிட்டு ஒரு முழுப் பழத்த உப்பு மிளகாய் போட்டுச் சாப்பிட்டேன். யாரு கேட்டா? உன் மேலயும் தப்பு இல்லடி. இல்லவே இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். கரண்ட் விஷயத்தில் நம்பாதவள் இதை நம்பினாள். எப்படித் தெரியும் என்றால், ஓவென்று அழுதாள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வேலைக்குப் போனவள் அவள். எங்கள் குடும்பத்தில் அதைப் பெரிய தைரியம் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

அவள் அழுகைச் சத்தம் கேட்டுக் குழந்தை விழித்துக் கத்தியது. சுத்தியல் நின்றது. சிவா மண்ணும் வியர்வையுமாக ஓடி வந்து, வாசல்படியில் திகைத்து நின்றார்.

"என்ன? என்ன ஆச்சு?"

ரதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. கையக் கழுவிட்டு வந்து பிள்ளையப் புடிங்க. நான் கொஞ்ச நேரம் அழுதுட்டு வரேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். முற்றத்தைத் தாண்டி, கரண்ட் இல்லாத தன் வீட்டுக்குள் தனியாகப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வரை நாங்கள் யாரும் போய்த் தட்டவில்லை.